அம்பி யார் கணக்கில்?

டேப் ரெக்கார்டரை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் அன்று காலை அம்பிக்குப் பெரிய கவலை.

பூஜை அலமாரியில் வைத்தால் சாமி பார்க்கும். பெஞ்சுக்கு அடியில் வைத்தால் வீடு பெருக்குகிற தேவானை பார்ப்பாள். சாமியைக்கூடச் சமாளித்துவிடலாம், தேவானையை முடியாது. கடைசியில், கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பழைய புடவைகள் அடைத்து வைத்திருந்த பிரம்புக் கூடைக்குள் அதை இறக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

"ஏன்னா, காலங்கார்த்தால கூடையைக் கொஞ்சிண்டிருக்கேள்?" என்றாள் அவன் மனைவி ரத்னா.

"உஷ்! இன்னிக்கு சென்ஸஸ் டீச்சர் வரா. அம்மாவும் பெரியம்மாவும் சொல்றதெல்லாம் இதுல பதியணும்."

"அவா சொன்னா உங்களுக்கே காது கேக்குமே?"

"எங்கிட்டதான் சொல்ல மாட்டேங்கறாளே!"

அதுவும் உண்மைதான். மயிலாப்பூரில் அந்த வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள். ஒருத்தி அம்பியின் அம்மா தர்மாம்பாள். இன்னொருத்தி விசாலாக்ஷி, அம்பியின் பெரியப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். ஓர்ப்படிகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்களே, அந்தச் சட்டம் இவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேருடைய கணவன்மார்களும் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரே அடுப்பு, ஒரே வெற்றிலைப் பெட்டி.

அம்பிக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வம்ச விருட்சம். பெரிய சார்ட் பேப்பரில் மரம் வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தான். கொள்ளுத் தாத்தா, அவருக்குத் தாத்தா என்று ஆண்பிள்ளைகளெல்லாம் கிளை கிளையாகத் தொங்கினார்கள். பெண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் இலை. பெயர் தெரியாது, பிறந்த ஊர் தெரியாது. செத்துப்போனவர்களைத்தான் கேட்க முடியாது, உயிரோடிருக்கிற இரண்டு பேரையாவது கேட்கலாமென்றால், "எண்ணினா குறையும்டா. போய்க் காய்கறி வாங்கிண்டு வா" என்று பையைக் கொடுத்து அனுப்பிவிடுவாள் பெரியம்மா.

இந்தச் சமயத்தில்தான் ரத்னாவின் தம்பி சாய்சரண் அமெரிக்காவிலிருந்து எழுதினான். அங்கே எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய சென்ஸஸ் ஏடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அவரவர் லைப்ரரியில் உட்கார்ந்து பாட்டனைத் தேடி எடுக்கிறார்களாம். 'நீங்கள் மரத்தை முடித்து அனுப்புங்கள் அத்திம்பேர், கம்ப்யூட்டரில் கலராக அச்சடித்துத் தருகிறேன்' என்றும் எழுதியிருந்தான். அதிலிருந்து அம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்பது வருஷம் காத்திருக்க அவனால் ஆகுமா? அதனால்தான் கூடை.

பத்து மணிக்கு டீச்சர் வந்தாள். ஜமீலுன்னிசா. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். தோளில் கனத்த பை, கையில் குடை.

"ஒங்கூட்டுக்கு நேத்தே வந்துட்டுப் போயிட்டேன், இன்னிக்கு இங்கயா தேவானை?" என்று சிரித்தாள். அந்தத் தெருவும், பின்னால் கால்வாய் ஓரத்துக் குடிசைகளும் அவள் கணக்கில்தான்.

"ஆமா டீச்சர், இங்கதான் பாதி நாளு ஓடுது" என்றாள் தேவானை.

டீச்சர் அம்பியைப் பார்த்தாள். "குடும்பத் தலைவர் யாரு சார்?"

"நான்தான்" என்றான் அம்பி, வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு.

ஊஞ்சலிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள். "வீடு என் பேர்ல. ரேஷன் கார்டு தர்மு பேர்ல. எலெக்ட்ரிக் பில் கட்ட மறக்கறது மாத்திரம் இவன் பேர்ல. எழுதிக்கோம்மா, தலைவர்னு. பாவம், ஆசைப்படறான்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு பெரியம்மா, "இவன் இருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். இவன் மரம் வரையறவன்" என்றாள்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும். கோர்ட்டே கேட்டாலும் தரமாட்டாங்க. சட்டம் அப்படி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பி துண்டை எடுக்கிறவன் போலக் கூடைக்குள் கையை விட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, நல்ல பிள்ளையாக ஆபீசுக்குக் கிளம்பினான்.

சாயங்காலம் வந்ததும் கூடையைக் கிளறி டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினான். போட்டான். முதலில் ஒரு உபந்நியாசம் கேட்டது. அனுமார் மலை உச்சியில் நின்று, உடம்பை வளர்த்து, காலை ஊன்றி, 'ஜெய் ஸ்ரீராம்' என்று கடல்மேல் எழும்பினார். டக். அதற்கப்புறம் ஊஞ்சல் கிறீச்சிட்டது.

அவசரத்தில் பெரியம்மாவின் சுந்தர காண்டக் கேசட்டிலேயே பதிவு செய்திருந்தான்! அனுமார் கிளம்பினது கிளம்பினதுதான். இலங்கையில் இறங்க வழியில்லை.

போகட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"கல்யாணம் ஆனப்போ உங்களுக்கு என்ன வயசும்மா?"

"பன்னண்டு" என்றாள் பெரியம்மா.

அம்பி துள்ளினான். எத்தனை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பதில்! அடுத்து பிறந்த ஊர். "மாயவரம் கிட்டக்க..." என்று பெரியம்மா தொடங்கியதும் குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஊர் அத்தனையும் ஆவியாகப் போய்விட்டது.

விசில் ஓய்ந்தபோது டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள்: "குழந்தைங்க எத்தனைம்மா?"

பெரியம்மாவுக்குக் குழந்தை கிடையாது. ஊருக்கே தெரியும். ஆனால் டேப்பில் அவள் குரல் மெதுவாக, தேன் தடவினது போல வந்தது. "ஒண்ணு. பிள்ளை. நன்னா இருக்கான்."

அம்பி டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். அதேதான்.

"உங்களுக்கும்மா?"

அம்மாவின் குரல். "பொறந்தது ரெண்டு. ரெண்டும் தங்கலை."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்குன்னு ஒண்ணும் இல்லேம்மா."

டேப் நின்றது. அம்பியும் நின்றான். நாற்பத்து நாலு வயசில், மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நான் யார் என்று ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ரத்னாவிடம் சொன்னான். "நேரா கேட்டுடுங்கோளேன்" என்றாள் அவள்.

"எப்படிக் கேக்கறது? கூடைக்குள்ள டேப் வெச்சுத் திருட்டுத்தனமாக் கேட்டேன்னு சொல்லவா? சரி, உன்னையும் டீச்சர் கேட்டிருப்பாளே. நீ என்ன சொன்னே?"

"அது ரகசியம்" என்று ரத்னா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று அம்மாவிடம் போனான். "அம்மா, நான் பொறந்த அன்னிக்கு மழையா, வெயிலா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பெரியம்மாவைக் கேளு."

பெரியம்மாவைக் கேட்டான். "உங்கம்மாவைக் கேளேன்" என்றாள்.

"ஏன், நான் பொறந்தப்போ ரெண்டு பேருமே ஆத்துல இல்லையா?"

"நீ இருந்தியோல்லியோ, நீ சொல்லேன்" என்று பெரியம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

சரி, மூக்கு பொய் சொல்லாது என்று பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். அம்மா மூக்கு கிளி மூக்கு. பெரியம்மா மூக்கு குடைமிளகாய். "ரெண்டும் இல்லை. உங்களோடது தனி மூக்கு" என்று ரத்னா தீர்ப்புச் சொன்னாள். இருந்த கொஞ்சம் நம்பிக்கையும் போயிற்று.

மறுநாள் மத்தியானம், ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து அவன் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. உண்மையில்லாத கோடு மரத்தில் இருக்கக் கூடாது என்று, அப்பா அம்மாவையும் அவனையும் சேர்த்த கோட்டை ரப்பரால் அழித்தான். பெரியம்மாவிலிருந்து புதுக் கோடு போடவும் கை வரவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஷ்ரேயா சுவரைப் பார்த்தாள். முதல் குழந்தை தங்காமல் போய், இவள் ஒருத்திதான் அம்பிக்கும் ரத்னாவுக்கும். "அப்பா, நீ மட்டும் அந்தரத்துல தொங்கறே! உன் கீழ நான் தொங்கறேன்!" என்று கத்தினாள்.

"போய்ப் படி! பரீட்சைக்கு மரத்தையா கேக்கப்போறா?" என்று அம்பி எரிந்து விழுந்தான்.

"கொய்ந்தய ஏன் அய்யரே கத்தற? ஒன் கோவத்த ரப்பர்ல காட்டு" என்றாள் தேவானை, துடைப்பத்தோடு வந்து நடுவில் நின்று.

அந்தச் சத்தத்தில் அம்மா வந்தாள். சுவரைப் பார்த்தாள். அழித்த இடத்தைக் கைவிரலால் தொட்டாள். அன்று சாயங்காலம் காப்பி வேண்டாம் என்றாள். மயிலாப்பூரில் ஒருத்தி காப்பி வேண்டாம் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் அந்த வீட்டில் இதுவரை கேட்காத சத்தம் கேட்டது. ஓர்ப்படிகள் சண்டை.

"நீ சொல்லிட்டியா அவன்கிட்ட?"

"நான் எதுக்கு அக்கா சொல்றேன்? நீங்கதான் ஆசையில உளறியிருப்பேள்!"

"நானா உளறினேன்? இத்தனை வருஷம் வாயைக் கட்டிண்டிருந்தவ நானா?"

இரண்டு பேரும் மூச்சு வாங்கி நின்றபோது, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம் வந்தது.

"அந்த டீச்சர்!" என்றாள் பெரியம்மா. "கோர்ட்டுக்கே சொல்ல மாட்டேன்னா. நம்பி வாயைத் திறந்தேன். ரெண்டாந்தரம் சரிபார்க்க வருவாளோல்லியோ, வரட்டும். நாலு வார்த்தை கேட்டுட்டு, நேரா கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுக்கறேன். அவ வேலை இருக்கா போறதான்னு பாக்கறேன்."

அம்பிக்கு வியர்த்தது. தன் பிறப்புக்கு விடை கிடைக்காததோடு ஒரு வாத்தியாரம்மாவின் வேலைக்கும் உலை வைத்துவிட்டான். மறுநாள் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு டீச்சரின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான்.

"டீச்சர், நீங்க எங்க ஆத்துப் பக்கம் வரவேண்டாம்."

"ஏன் சார்? யாராவது தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லை."

"அப்ப யாராவது பொறந்திருக்காங்களா?"

"பொறந்தாச்சு. யாருக்குப் பொறந்ததுன்னுதான் தெரியலை." அம்பி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. உங்க கணக்குப்படி என்னோட அம்மா யாரு?"

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "சார், இந்த விஷயத்துல நான் ஊமை. எங்க வீட்டுக்காரருக்கே சொல்றதில்ல. மக்கள் நம்பித்தான் கதவைத் திறக்கறாங்க. நாளைக்கு வருவேன், அது என் கடமை." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னபடியே வந்தாள். பெரியம்மா ஊஞ்சலை ஆட்டவில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயிலில் வந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

"இன்னாது, டீச்சருக்குக் காப்பி இல்லியா?" என்று தேவானை கேட்டாள்.

"நம்பிக்கைத் துரோகம் பண்றவாளுக்குக் காப்பி எதுக்கு?" என்றாள் பெரியம்மா. "ஏம்மா, ரகசியம்னு சொல்லித்தானே கேட்டே? அது எப்படி இவன் காதுக்குப் போச்சு?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது தோள் பையைக் கீழே வைத்தாள். "அல்லா மேல சத்தியமா நான் சொல்லலம்மா. எண்பத்தொண்ணுலயும் நான்தான் இந்தப் பக்கம் எழுதினேன். ஒரு வீட்டு வார்த்தைய அடுத்த வீட்டுல இறக்கினதில்ல." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அம்பியால் முடியவில்லை. உள்ளே போய் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தான். "டீச்சர் மேல தப்பில்லை. திருடன் நான்தான்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினான்.

அனுமார் மலைமேல் ஏறினார். உடம்பை வளர்த்தார். காலை ஊன்றினார். 'ஜெய் ஸ்ரீராம்.' டக். கிறீச், கிறீச். "பன்னண்டு..."

பெரியம்மா எழுந்து நின்றாள். அம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"அடப்பாவி! அனுமாரை நடுக்கடல்ல விட்டுட்டியேடா!"

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பெரியம்மா ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழவி வாயில சனி. மன்னிச்சுடும்மா. ரத்னா, புது டிகாஷன் போடு. டீச்சருக்கு ஸ்ட்ராங்கா."

பிறகு அம்பியிடம் திரும்பினாள். "இதெல்லாம் தெரிஞ்சு உனக்கு என்னடா ஆகணும்?"

"நீ ஒருத்தி இருந்தேன்னு தெரியணும் பெரியம்மா" என்றான் அம்பி. "மரத்துல ஆம்பளைகள் எல்லாருக்கும் ஊரும் வருஷமும் இருக்கு. எனக்குச் சோறு போட்டவா ரெண்டு பேரும் வெறும் இலையா இருக்கேள். நாளைக்கு ஷ்ரேயாவோட பேரப் பிள்ளைகள் கேட்டா, இவா யாருன்னு சொல்ல வேண்டாமா?"

பெரியம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அதுக்குக் கூடை எதுக்குடா? எதிர்ல உக்காந்து கேட்டா சொல்ல மாட்டேனா?"

"கேட்டேனே! காய்கறிப் பையைக் குடுத்தியே!"

"நீ பென்சிலை வெச்சுண்டு கேட்டே. அதான்."

அம்மாதான் கடைசியில் சொன்னாள். முதல் இரண்டு குழந்தைகளும் கண் திறந்ததோடு போய்விட்டன. மூன்றாவதாக அம்பி. எமன் இந்த வீட்டு வாசலை அறிந்து வைத்திருக்கிறான், பிள்ளையை விற்றுவிடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிறந்த அன்றைக்கே பின்வாசல் வழியாகப் பெரியம்மா வந்தாள். ஒரு முறம் தவிட்டைக் கொடுத்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். இனிமேல் எமன் வந்து கேட்டால் தர்மாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. அவன் வெறுங்கையோடு திரும்பிப் போவான்.

"அஞ்சு வயசானதும் தவிட்டைத் திருப்பிக் குடுத்து வாங்கிக்கறது வழக்கம்" என்றாள் அம்மா. "முறத்தோட போய் நின்னேன். அக்கா விலையை ஏத்திட்டாடா! ஒரு மூட்டை கேட்டா."

"பின்னே? வாங்கினப்போ இருந்த எடையா? பிள்ளை வளர்ந்திருக்கானே!" என்றாள் பெரியம்மா.

"மூட்டையோட போனேன். பள்ளிக்கூடம் முடியட்டும்னா. அப்புறம் உத்தியோகம் கிடைக்கட்டும்னா. அப்புறம் நானே கேக்கறதை விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"அக்கா பிள்ளையா இருந்தவரைக்கும் உனக்கு ஒரு பெரிய ஜுரம்கூட வந்ததில்லே. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. "கவர்மெண்ட் என்ன, யார் கேட்டாலும் எனக்கு இல்லேன்னுதான் சொல்லுவேன்."

சின்ன வயசிலிருந்து அம்மா அவனை 'என் பிள்ளை' என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாசமில்லாதவள் என்று அம்பி ரகசியமாக வருத்தப்பட்டிருக்கிறான். இப்போது அந்த நாற்பத்து நாலு வருஷமும் அவன் கண் முன்னால் வேறு வெளிச்சத்தில் நின்றது. இரண்டு பேர் காலிலும் விழுந்தான். எழுந்து பென்சிலை எடுத்து, தன்னிடமிருந்து மேலே இரண்டு கோடு போட்டான். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு.

"ஒரு ஆளுக்கு ரெண்டு அம்மாவை கம்ப்யூட்டர் ஒத்துக்குமா?" என்றாள் ரத்னா.

"ஒத்துக்கலேன்னா சாய்சரண் வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கட்டும்."

டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். "பெத்தது யாருன்னுதான்மா கேள்வி. நான் திருத்தணும்."

"ஐயோ, அடிச்சுடாதேம்மா!" என்று அம்மா பதறினாள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடினாள். "மொத்தத்துல ஒரு பிள்ளை. அவங்க பேர்ல இருந்தா என்ன, இவங்க பேர்ல இருந்தா என்ன? தேசத்துல ஒரு தலையும் கூடப்போறதில்ல, குறையப்போறதில்ல. நீங்க சொன்னதே இருக்கட்டும்."

பெரியம்மா அவளுக்கு வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தாள். அம்பிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மரத்தைத் தள்ளி நின்று பார்த்து, "அப்பாடா! இனிமே இந்த ஆத்துல எனக்குத் தெரியாத உறவுன்னு ஒண்ணு கிடையாது" என்றான்.

ரத்னா திடீரென்று காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியவர்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். மூலையில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் தேவானை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"அப்ப எங்கூட்டுக் கணக்குல எழுதின பொண்ணையும் அடிச்சிடாத டீச்சர், ஷ்ரேயா பாப்பா பொறந்த அன்னிக்கு இந்த ரெண்டு அம்மாவும் ஒரு மொறம் தவுட்டுக்கு எனுக்குத்தான வித்தாங்கோ, நான் இன்னும் திருப்பிக் குடுக்கல!"